அம்மா எழுதிய பதில்

1991 தை மாதம் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது லான்யிங் நூலகத்தில் இருந்தாள். நான்தான் எடுத்தேன்; சீனாவிலிருந்து அவளுடைய தங்கை பேசினாள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அழுகை. அம்மா நேற்றுச் செத்துப்போனா. ஆனியில் பல்கலைக்கழகச் சோதனை முடியும்வரை அக்காவுக்குச் சொல்லவேண்டாம்.

சரி என்றேன். எங்கள் தமிழ் ஆட்களும் இதைத்தானே செய்கிறார்கள்? லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்து படிக்கிற பிள்ளை, படிப்புக் குழம்பக்கூடாது. என் கணவர் யோகலிங்கம்தான் முறைத்தார். "உது பிழையான வேலை, தவமலர்." அவருக்கு நான் செய்வதெல்லாம் பிழைதான்.

மாசியில் அவள் சமையலறைக்கு வந்து நின்றாள். நாங்கள் பேசுவது அரைகுறை ஆங்கிலம்; என் தமிழில் சொல்கிறேன். ஊரில் அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தா. அவனை என்றில்லை, எவனையுமே கட்ட அவளுக்கு மனமில்லை. இங்கே தனியாக இருந்த பிறகுதான் அது தனக்கே விளங்கியதாம்.

"அம்மாவுக்கு எழுதட்டா, அக்கா?"

செத்தவளுக்கு எழுதாதே என்று எப்படிச் சொல்வது? "எழுது பிள்ளை," என்றேன்.

பங்குனியில் பதில் வந்தது. அச்சு அசல் அம்மாவின் கையெழுத்து என்றாள். அக்கா தங்கை இருவருக்கும் எழுதப் பழக்கியவளே அம்மாதான். 'நீ யாரென்று உனக்குத் தெரிந்தால் எனக்கு அது போதும், மகளே.' சீனத்தில் இருந்ததை எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றே சம்பந்தத்தை முறித்து எழுதினாள். கூந்தலைக் கட்டையாக வெட்டினாள். குளிக்கும்போது பாடினாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். எங்கள் ஒரு பொய் ஒரு கலியாணத்தை முறித்தது. எல்லாம் தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன், பாவி.

சோதனை முடிந்த மறுநாள் அம்மா செத்ததைத் தகப்பன் தொலைபேசியில் லான்யிங்குக்குச் சொன்னார். தங்கையும் பேசினாளாம்; அம்மாவின் பெயரில் பதில் எழுதியது தான்தான் என்றாளாம். தனக்கு யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கியதைத்தான் அந்தக் கடிதத்தில் எழுதினாளாம்.

லான்யிங் மாடிப்படியில் இருந்தாள். மடியில் கடிதம்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"தையில."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிதத்தை மடித்தாள்.

"அப்ப நான் ஆரெண்டு தெரியாமலே அம்மா போயிட்டா," என்றாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா, பிள்ளை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுவும் நீங்களாச் சொல்லுற பதில்தானே, அக்கா?"