வாய்க்காலில் இறங்கிய பெருமாள்

லோடு ஆட்டோ பள்ளிப்பட்டைத் தாண்டியதும் திலகவதி மடியிலிருந்த துணிமூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மழை விட்டிருந்தது. இன்றைக்கு அலசிவிட்டால் போதும்.

மணவாள நகர் வீட்டில் அவள் இதுவரை வரைந்து விற்றதெல்லாம் கலம்காரி சால்வைகள், ரவிக்கைத் துணிகள். இது வேறு. இரட்டைக் கட்டிலைவிடப் பெரிய காடாத் துணி. முதலை காலைக் கவ்வியிருக்க, யானை துதிக்கையைத் தூக்கிக் கூப்பிட, கருடன்மேல் பெருமாள் பாய்ந்து வருகிறார். கேட்டவர் திருவள்ளூர் ஹம்ஸா மாமி. கோயில் கைங்கரியக் குடும்பம். வைகுண்ட ஏகாதசிக்குத் தங்கள் தெருவின் பஜனை மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்றார். சிவப்பு ஏறுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று மாமியும் வண்டியில் ஏறிவிட்டார்.

சிவப்பு வேண்டிய இடத்திலெல்லாம் படிகாரக் கரைசல் பூசியாகிவிட்டது. இனி ஓடும் தண்ணீரில் அலசி, சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போட்டால் அந்த இடங்கள் மட்டும் சிவக்கும். தேங்கிய தண்ணீரில் அலசினால் மிஞ்சிய படிகாரம் பரவி, பெருமாள் முகமும் சேர்ந்து சிவந்துபோகும். அதனால்தான் மாமியார் மணியம்மாளின் ஊரைத் தேடி வந்தார்கள். ஆறு அங்கே வயலை ஒட்டி ஓடியது.

ஆற்றங்கரைக்கு வந்ததும் அவள் கணவன் அன்புராஜ் வண்டியை நிறுத்தினான். தேர்வாய் கண்டிகை பேக்டரியில் இரவு ஷிப்டு முடித்து, தூங்காமல் ஓட்டிவந்த அவன் கண்கள் அகலத் திறந்தன.

ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. ஒரு முழுத் தென்னைமரம் புரண்டு புரண்டு மிதந்துவந்தது. கரையில் மைக் கட்டிய ஆட்டோ கத்திக்கொண்டிருந்தது. "மேல அணையத் தொறந்துட்டாங்க. யாரும் ஆத்துல எறங்காதீங்க!"

"இன்னாங்க இது?" என்றாள் திலகவதி.

"தண்ணி வடிய ஒரு வாரமாச்சும் ஆவும்."

"ஒரு வாரம் கழிச்சு அலசி, மஞ்சள் ஏத்தி, நீலம் ஏத்தி, ஏகாதசிக்குள்ள எப்போ முடிக்கிறது?"

ஹம்ஸா மாமி ஆற்றைப் பார்த்துக் கைகூப்பினார். திலகவதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வயலின் நடுவே போகும் சிமெண்ட் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் தலைமாட்டில் மாமியாரின் மோட்டார் கொட்டகை.

"அத்தை! கரண்ட் கீதா?" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

கொட்டகையிலிருந்த மணியம்மாள் மோட்டாரைப் போட்டாள். போர்வெல் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. திலகவதியும் அன்புராஜும் வாய்க்காலில் இறங்கித் துணியின் ஒரு முனையை மட்டும் நனைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான். துணி தரையில் படிந்தது. மடிப்புகளில் படிகாரம் வெண்மையாகத் தேங்கியது.

"தூக்குங்க, தூக்குங்க! இந்த வேகம் பத்தாது!"

பக்கத்து வயலில் கலியனின் மோட்டார் இருந்தது. பெரிய மோட்டார். நடுவில் ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்புத் தகராறில் மணியம்மாளும் கலியனும் பேச்சை நிறுத்திப் பல வருடமாகிறது. கலியன் தன் கொட்டகை வாசலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணியம்மாள் மருமகளைப் பார்த்தாள். அவள் துணியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். மணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

"கலியண்ணா! உன் தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி வுடேன். எம் மருமவ பெருமாள வரைஞ்சிகீறா. அலசணும்."

கலியன் நகரவில்லை. "எந்தப் பெருமாளு?"

"யானையக் காப்பாத்த வந்தாரே, அவரு!"

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடினார். சற்று நேரத்தில் தடித்த ஓஸ் குழாய் ஒன்று வரப்பைத் தாண்டி வந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. தண்ணீர் குபீரென்று பாய்ந்தது. கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு ஏறியது.

"இப்ப வுடுங்க!"

துணி விரிந்தது. ஓட்டம் அதைத் தூக்கிப் பிடித்து இழுத்தது. யானையும் கருடனும் தண்ணீருக்குள் அசைந்தார்கள். ஒரு மூலை பிடி நழுவியது. "பகவானே!" என்று ஹம்ஸா மாமி புடவையோடு வாய்க்காலில் குதித்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"மாமி, கெட்டியா!"

"நான் விடமாட்டேன்டியம்மா, நீ உன் வேலையைப் பாரு!"

கலியனும் இறங்கினார். நான்கு பேர் நான்கு மூலை. திலகவதி துணியைத் திருப்பச் சொன்னாள், சாய்க்கச் சொன்னாள், குனிந்து மறு கையால் ஒவ்வொரு மடிப்பாக விரித்துவிட்டாள். மணியம்மாள் களத்துமேட்டில் அடுப்பை மூட்ட ஓடினாள். நல்லவேளையாகக் கரண்ட் போகவில்லை; அலசல் முடிந்தது.

அண்டாவில் தண்ணீர் சூடாகத் தொடங்கியதும் சாயவேர்ப் பொடியைக் கொட்டித் துணியை இறக்கினார்கள். திலகவதி நீளக் கழியால் கிளறிக்கொண்டே இருந்தாள். புகையில் கண் எரிந்தது. எல்லாரும் ஈர உடையோடு அண்டாவைச் சுற்றி நின்றார்கள். முதலில் துணி முழுவதும் அழுக்குப் பழுப்பாகத்தான் தெரிந்தது.

கொதி வந்தது. கழியால் ஓரத்தைத் தூக்கினாள். கருடனின் இறக்கை மேலே வந்தது.

சிவப்பு! பழுத்த மிளகாய்ச் சிவப்பு. கோடு தாண்டாமல், ஒவ்வொரு இறகாக.

"முகம்? பெருமாள் முகம் எப்படிகீது?" என்றான் அன்புராஜ்.

அவள் இன்னும் தூக்கினாள். முகத்தில் ஒரு துளிச் சிவப்பு இல்லை. உதடு மட்டும் சிவந்திருந்தது. திலகவதி கழியைப் போட்டுவிட்டு, "வந்துட்ச்சி! அத்தை, வந்துட்ச்சி!" என்று குதித்தாள். மணியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். ஹம்ஸா மாமி ஈரக் கையைக் கூப்பியபடி அழுதுகொண்டே சிரித்தார்.

ஆறவைத்து, மறுபடி அலசி, புல்மேல் விரித்தபோது அக்கம்பக்கத்து வயலிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கலியன் துணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, நம்ம ஊரு அம்மனுக்கு ஆடி மாசம் திருவிழா எடுப்போம். இந்த மாதிரி அம்மாவையும் வரைஞ்சு தருவியா? பொடவ இதே செவப்பு."

திலகவதி வாயைத் திறப்பதற்குள் மணியம்மாள் பதில் சொன்னாள்.

"வரைவா. அலசுறதுக்கு நீ தண்ணி வுடணும்."