பாதியில் தீர்த்த கடன்

இன்று நான் படிக்கும் மாலை வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கடன் கேட்டிருந்த வங்கிக்குப் போனேன். அதிகாரி பவ்யா என் பழைய தனிநபர் கடனைத் திரையில் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலை போனபோது, பாதியைக் கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்வதாகக் கடன் கொடுத்த நிதி நிறுவனம் சொன்னது. கட்டினேன். கடன் தீர்ந்ததென்று வீட்டுக்கு அல்வாகூட வாங்கிப் போனேன்.

"தள்ளுபடியில முடிச்சா அது முடிஞ்ச கணக்கு இல்ல சார். மீதியையும் கட்டி, பாக்கி இல்லன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார் பவ்யா.

மீதிப் பணம் கையில் இருந்தது. நேராகப் பூந்தமல்லி போனேன். நிறுவனம் இருந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. கீழே டீக்கடைக்காரர் சிரித்தார்.

"அவனுங்க காலி பண்ணி ஒரு வருசம் ஆவுது நைனா. கடன் குடுத்தவன தேடிக்கினு வந்த மொத ஆளு நீதான்."

அவர்களுடைய பழைய எண்ணை நான்கு முறை அழைத்தேன். அது உபயோகத்தில் இல்லை. அன்றைக்கே கடிதம் கேட்டிருக்க வேண்டுமோ? கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்களா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வங்கி சம்மதிக்காவிட்டால், அயனம்பாக்கத்தில் வாங்கவிருக்கும் வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது.

பேருந்தில் வரும்போது அம்மா அழைத்தாள்.

"புது வீட்டுல பால் காய்ச்ச நாள் பாக்கட்டாடா?"

பார் என்று சொல்லிவிட்டேன்.