வேண்டாம் என்ற வான்கோழி

அமெரிக்காவின் ஸ்வான்டால் ஊரில் ஆர்டிஸ் ஹவ்லாண்ட், வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நவம்பர் மாதத்து நன்றி நாளன்று காலையில் ஓவனில் வைத்த வான்கோழி அன்று வேகவில்லை. அந்த வாரம் முழுக்க வேகவில்லை, அடுத்த வாரமும் வேகவில்லை. ஓவனில் பழுது ஏதும் இல்லை. அதே ஓவனில், அதே தணலில், பக்கத்துத் தட்டில் வைத்த 'பூசணிப் பை' என்ற இனிப்புப் பலகாரம் பொன்னிறமாகி இறங்கியது. கேசரோல் பாத்திரத்தில் வைத்த பீன்ஸ் ஓரங்களில் குமிழியிட்டுக் கொதித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பறவை மட்டும், தோலுக்கடியில் தடவிய வெண்ணெய்கூட உருகாமல், கடையிலிருந்து வந்த மேனிக்கு வெளுத்துக் கிடந்தது. நெஞ்சுக் கறியில் செருகிய வெப்பமானியின் முள் ஃப்ரிட்ஜின் குளிரைக் காட்டியபடி அசையாமல் நின்றது. மதியத்துக்குள் வேக வேண்டியதை ஆர்டிஸ் பொழுது சாயும்வரை வைத்துப் பார்த்தார். வெளியே எடுத்தபோது தட்டு கையுறையைத் தாண்டிச் சுட்டது, பறவை சில்லென்று இருந்தது. அன்று ஆர்டிஸும் வெளியூரிலிருந்து வந்திருந்த மகனும் உருளைக்கிழங்கு மசியலும் பூசணிப் பையும் சாப்பிட்டார்கள்.

சாதாரண ஆண்டாக இருந்திருந்தால் ஆர்டிஸ் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த ஆண்டு சங்கதி வேறு. ஜூலையில் அவர் கணவர் லைல் டிராக்டர் கொட்டகையில் உட்கார்ந்த நிலையிலேயே இறந்துபோனார். அரிசோனாவில் இருக்கும் மகன் கர்ட், வயல்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் அந்த வீட்டில் அம்மா தனியாகப் பனிக்காலத்தைத் தள்ள முடியாது, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்டிஸுக்கு அந்த வீட்டைவிட்டுப் போக மனமில்லை. மனமில்லை என்று சொல்லத் தெரியாத மனுஷி என்பதால் பந்தயம் கட்டினார்.

"நன்றி நாளைக்கு வா. வான்கோழிய எப்பவும்போல நானே ஒண்டியா சமைச்சு மேசையில வைக்கிறேன். வச்சுட்டா இங்க இருக்கேன். முடியலன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு உன்கூட வந்துடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் செய்த காரியம். இதைவிடச் சுலபமான பந்தயம் அவருக்குத் தோன்றவில்லை. கர்ட்டும் நியாயமான பிள்ளை. முதல் நாள் வேகாததை வைத்து அம்மாவை மடக்காமல், வேலையிடத்தில் விடுப்பை நீட்டித்துக்கொண்டு, இரண்டு விமானச் சீட்டுகளையும் அடுத்த ஞாயிறு தாண்டி அதற்கடுத்த ஞாயிறுக்கு மாற்றினான்.

இந்த இடத்தில் அந்த வட்டாரத்து மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மினசோட்டாவின் அந்த மேற்குப் பக்கத்தில் யாராவது ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் முறை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறை, அடடா, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால், சரி, அரைக் கோப்பை ஊற்றுங்கள் என்று வாங்கிக்கொள்வார்கள். மூன்றாம் முறையும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம். அதற்கு மேல் கேட்பது அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைப்பதற்குச் சமம். லைலை அடக்கம் செய்த வாரத்தில் ஊரே ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தது. எதிர் வயல்காரர் டுவேன் ரூட், பனிக்காலத்தில் வீட்டுப் பாதையில் பனியைத் தள்ளித் தருகிறேன் என்றார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வெர்னா பெர்க்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். தன்னார்வத் தீயணைப்புப் படைப் பையன்கள் வாடைக் காற்றைத் தடுக்க வெளிப்பக்கம் பொருத்தும் குளிர்கால ஜன்னல்களை மாட்டித் தருகிறோம் என்றார்கள். ஆர்டிஸ் மூன்று முறையும் வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டால் லைல் இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஊரோ மரியாதை தெரிந்த ஊர், நான்காம் முறை கேட்கவில்லை. இலையுதிர்காலம் முழுக்க ஒரு வண்டிகூட அந்தப் பாதையில் திரும்பவில்லை. நம்மை மறந்துவிட்டார்கள் என்று ஆர்டிஸ் நினைத்தார். நம்மை ஒதுக்கிவிட்டார் என்று ஊர் நினைத்தது.

ஆனால் வான்கோழியைப் பற்றி வாதாடுவது உதவியில் சேராது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வேகாத பறவையின் செய்தி பெட்ரோல் நிலையத்தில் காபி குடிப்பவர்கள் வழியாகச் சனிக்கிழமைக்குள் ஊரெங்கும் பரவியது. முதலில் வந்தவர் டுவேன். உள்ளே வரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே, ஓவனில் வைத்தால் அது தூங்கத்தான் செய்யும், கடலை எண்ணெயில் முக்கினால்தான் முழிக்கும் என்றார். எண்ணெயில் பொரிக்கிறேன் பேர்வழி என்று முந்தைய வருஷம் கொட்டகைக் கதவை எரித்தவர் என்பதால், வீட்டைவிட்டுத் தள்ளி முற்றத்து நடுவில் கேஸ் அடுப்பை மூட்டினார். நிறைந்த அண்டா எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் பறவையைக் கொக்கியில் மாட்டி இறக்கினார். எண்ணெய் சீறவில்லை. வெந்நீர்த் தொட்டியில் இறங்கி அமர்ந்த ஓய்வூதியக்காரர் மாதிரி பறவை சுகமாக உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி கழித்து எடுத்தபோது மேலே வடிந்த எண்ணெய் உறைந்து வெள்ளையாகியிருந்தது. டுவேன் மறுபடி ஒருமுறை முக்கினார். அதே கதைதான். எண்ணெய் சூடாகக் காத்திருந்த நேரத்தில் அவர் வாசற்படியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பலகைகளை ஆணியடித்து இறுக்கியிருந்தார். ஆர்டிஸ் அதைப் பார்த்தார், பறவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பறவைமேல் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. புதுசாக இருந்தது. கெட்டுப்போகும் வாடையும் இல்லை. வெர்னா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த ஆண்களுக்கு எல்லாவற்றையும் எண்ணெயில் போட்டுத்தான் பழக்கம் என்று சொல்லி, பிளாஸ்டிக் வாளியில் உப்பும் பழுப்புச் சர்க்கரையும் ஆரஞ்சுத் தோலும் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தார். பிறகு கோழிக் கத்தரியால் முதுகெலும்பை வெட்டி எடுத்து, பறவையை ஆர்கன் கட்டைகளை அழுத்துவதுபோல இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கித் தட்டையாக்கி ஓவனில் தள்ளினார். இப்படிச் செய்தால் பாதி நேரத்தில் வெந்துவிடும். வேகவில்லை. தணலைக் கூட்டி இரண்டாவது தடவையும் வைத்தார். அப்போதும் இல்லை. மறுநாள் முதுகெலும்பு பழையபடி ஒட்டிக்கொண்டிருந்தது. வெர்னா தழும்பு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேடினார், இல்லை. இதற்கிடையில் சரக்கறையில் இருந்த ஜாடிகளையெல்லாம் வருஷவாரியாக அடுக்கிவைத்துவிட்டுத்தான் போனார்.

தீயணைப்புப் படையினர் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் புகைப்பெட்டியாக மாற்றி வைத்திருந்தார்கள். அதை டிரெய்லரில் ஏற்றிவந்து ஆப்பிள் மரக்கட்டையைப் போட்டுக் காலையிலிருந்து அந்திவரை இரண்டு நாள் புகை போட்டார்கள். புகை பறவையைச் சுற்றிப் போனது. காவலுக்கு நின்ற நேரம் வீணாகாமல் குளிர்கால ஜன்னல்கள் எல்லாம் மாட்டியாயின. கடைசியாக வந்தவர் எவுசேபியோ தமாயோ. பக்கத்து ஊர் வான்கோழி ஆலையில் பதினைந்து வருஷமாக வேலை, அந்தப் பறவையின் எலும்பெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆர்டிஸை ஸ்பானிய மொழியில் மரியாதைக்குச் சொல்லும் 'தோன்யா' சேர்த்துத்தான் அழைப்பார். உறைந்துபோன தரைமேல் தீ மூட்டி இளக்கி, இடுப்பளவு குழி வெட்டி, கல்லைக் காயவைத்து, பறவைக்கு மிளகாய் விழுது பூசி, மெக்சிகோக்காரர் கடையில் வாங்கிய வாழையிலையில் சுற்றி உள்ளே இறக்கி மண்ணை மூடினார். திறந்தபோது இலை கருகியிருந்தது, பறவை குளிர்ந்திருந்தது. இன்னொரு முறை மூடித் திறந்தார். குழிக்கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இதுகிட்ட என்ன கேட்டாலும் அடடா உங்களுக்கு எதுக்குச் சிரமம்ங்குது. உங்கள மாதிரியே பேசுது, தோன்யா ஆர்டிஸ்."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. உங்கள் பக்கத்து வீடுகளில் ஒருவர் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். காதில் விழாத மாதிரி தட்டில் போட்டுவிடுவோம், பிறகு அவர்கள் பாடு என்றார் எவுசேபியோ. அப்படியே வெட்டி வைத்திருந்த விறகைக் கொட்டகையில் அடுக்கப் போனார்.

அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. ஞாயிறு காலை விமானம். கர்ட் வீட்டு விற்பனைத் தரகரிடம் தொலைபேசியில் பேசி, ஜனவரியில் பார்க்க வரச் சொன்னான். அவன் குரலில் ஜெயித்தவனின் சந்தோஷம் இல்லை. மதியம் பனி விழ ஆரம்பித்தது. வழியனுப்ப வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் டுவேனும் வெர்னாவும் எவுசேபியோவும் படைப் பையன்களும் அடுக்களையில் நின்றார்கள். ஆர்டிஸ் காபி ஊற்ற வந்தபோது ஆளுக்கு இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, தெற்குக் காற்று, சோயா அறுவடை, அரிசோனாவில் தேள் உண்டா இல்லையா என்பதைப் பற்றிப் பேசினார்கள். வெளியே காற்று பலமாக அடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை என்பதை ஆர்டிஸ் கவனித்தார். காலடியில் பலகை ஆடாததை, சரக்கறையில் கை நீட்டிய இடத்தில் ஜாடி இருந்ததை, விறகின் வாசனையை, ஒன்றன்பின் ஒன்றாகக் கவனித்தார். எதையும் தான் கேட்டு வாங்கவில்லை, எதற்கும் நன்றி சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. காபிக் கெண்டியைக் கீழே வைத்தார்.

"டுவேன், என்னால ஒண்டியா முடியல. இந்தப் பனிக்காலம் பூரா பாதையில பனியத் தள்ளிக் குடு. வெர்னா, ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வர்றேன், எனக்கும் ஒரு தட்டு வை."

அந்த வட்டாரத்தில் யாரும் கொடுக்க வருவதற்கு முன்பே ஒருவர் வாய்விட்டுக் கேட்டதாக அதுவரை தகவல் இல்லை. வெர்னா பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்லவேளையாக இருந்தது. டுவேன் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார்.

"பனி தள்ற தகட்ட அக்டோபர்லயே வண்டியில மாட்டிட்டேன் ஆர்டிஸ். உன் பாதை முனைக்கு வர்றப்பல்லாம் பிரேக்க மிதிச்சு மிதிச்சு, கட்டையே தேஞ்சுபோச்சு."

அப்போதுதான் வாசனை வந்தது. ஓவன் அணைந்திருந்தது, முற்றத்தில் நெருப்பில்லை. மூடியிருந்த ஃப்ரிட்ஜின் கதவிடுக்கில் ஆவி கசிந்தது. கர்ட் போய்த் திறந்தான். பாலும் வெண்ணெயும் ஆப்பிளும் இருந்தபடியே குளிர்ந்திருக்க, நடுத்தட்டில் வான்கோழி வெந்து, கொழுப்பு இன்னும் சடசடக்க, பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது. வெப்பமானி சரியான சூட்டைக் காட்டியது. சாறு உள்ளே இறங்க வேண்டும் என்பதால் ஆர்டிஸ் எல்லோரையும் அரைமணி நேரம் காக்கவைத்தார்.

வெட்டும்போது தெரிந்தது, பறவை யார் கொடுத்ததையும் மறுத்திருக்கவில்லை, எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்திருந்திருக்கிறது. இடது தொடை டுவேனின் கடலை எண்ணெயில் பொரிந்து தோல் நொறுங்கியது. வலது தொடை ஆப்பிள் புகையில் உள்வரை சிவந்திருந்தது. முதுகுப் பக்கம் வெர்னாவின் உப்பும் ஆரஞ்சும் ஊறி மெத்தென்றிருந்தது. இறக்கைகளில் மிளகாய் விழுதும் வாழையிலை மணமும் ஏறியிருந்தன. நெஞ்சுக் கறியில் மட்டும், எப்போதும்போல, ஆர்டிஸின் வெண்ணெயும் சேஜ் என்ற வாசனை இலையும். படைப் பையன்கள் எந்தப் பக்கம் சிறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே எல்லாப் பக்கமும் தட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பிடும் முன் மேசையைச் சுற்றி ஆளுக்கொரு நன்றி சொல்வது வழக்கம். ஸ்வான்டாலில் பெரும்பாலும் வானிலைக்குத்தான் நன்றி சொல்வார்கள், அது யாரையும் சங்கடப்படுத்தாது. அன்று டுவேன் பிரேக்குக்கு நன்றி சொன்னார். எவுசேபியோ, மண் இளகியதற்கு என்றார். வெர்னா வாயைத் திறந்துவிட்டு மூக்கைச் சிந்தினார், அதையே நன்றியாக எடுத்துக்கொண்டார்கள். ஆர்டிஸின் முறை வந்தது. லைல் போனதற்கப்புறம் இந்த வீட்டில் இத்தனை தட்டு வைத்ததில்லை என்றார். பிறகு, "கூப்பிடாமலே வந்தீங்க," என்றார். குனிந்து குழம்புக் கிண்ணத்தை வலப்பக்கம் நகர்த்தினார்.

கர்ட் மட்டும் கரண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்டியா சமைச்சாத்தான்னு பேச்சும்மா."

"ஆமா. நான் தோத்துட்டேன்," என்றார் ஆர்டிஸ். "ஆனா வர்றதா இல்ல."

அவன் அம்மாவைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், வெளியே டுவேனின் வண்டி முன்னால் மாட்டியிருந்த தகட்டின்மேல் பனி ஏறுவதைப் பார்த்தான். பிறகு நெஞ்சுக் கறியில் ஒரு துண்டு கேட்டு வாங்கினான். மறுநாள் ஒற்றைச் சீட்டில் பறந்தான், மற்றதற்கு விமானக் கம்பெனி பணம் திருப்பித் தரவில்லை. அந்தப் பனிக்காலம் மிகக் கடுமையாக இருந்தது, ஆர்டிஸின் பாதை ஒரு நாளும் மூடவில்லை. அவர் அந்த வீட்டிலேயே நெடுநாள் இருந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நன்றி நாளிலும் ஸ்வான்டாலில் யாராவது ஒருவர் வீட்டு வான்கோழி வேகாமல் போகிறது. ஒரு வருஷம் புதிதாக வந்த பல் மருத்துவர் வீட்டில், ஒரு வருஷம் மனைவி பிரிந்துபோன தபால்காரர் வீட்டில், ஒரு வருஷம் பாதிரியார் வீட்டிலேயே. யாரும் ஓவனைக் குறை சொல்வதில்லை. சேதி தெரிந்ததும் அண்டா, வாளி, மரக்கட்டை, மண்வெட்டி என்று அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எந்த வீடு என்பதை உள்ளூர் வாரப் பத்திரிகை சந்தை நிலவரத்துக்குக் கீழே ஒரு வரியில் போடுகிறது. போன வருஷம் லிண்ட்ஸ்ட்ரோம் வீடு என்று போட்டிருந்தது. மக்காச்சோளம் விலை இரண்டு சென்ட் இறங்கியிருந்தது.