பச்சைப் புள்ளி

...மவுஸை ஒரே மாதிரி நகர்த்தக் கூடாது, மேலே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம், நடுவில் சும்மா இருந்துவிட்டு மறுபடி, அப்போதுதான் ஆள் இருப்பதுபோல் தெரியும் என்று அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் ஆபீஸில் ஒருவர் மவுஸைக் கைக்கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாராம், முள் சுற்றச் சுற்றத் திரையில் அம்பு நடுங்கிக்கொண்டே இருக்குமாம், பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி, ஆள் இல்லை என்று மஞ்சளாகாதாம், கடைசியில் அந்த நடுக்கம் ஒரே சீராக இருந்ததை வைத்தே பிடித்துவிட்டார்கள், இப்போது அவருக்குப் பெயரே கடியாரம்தான்... அதனால்தான் அக்காவுக்கு என் கை தேவைப்படுகிறது. உள்ளறையில் அவள் தூங்குகிறாள், தூங்கட்டும், வீட்டிலிருந்து வேலை என்றால் சுகம் என்று யார் சொன்னது, ராத்திரியெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட்டது என்று போன் அலறிக்கொண்டே இருந்தது, இந்த வாரம் எழுந்து பார்க்கும் முறை இவளுடையது, ராத்திரி விழித்தாலும் பகலில் புள்ளி பச்சையாக இருக்க வேண்டுமாம், அவளுக்கு மேலே இருக்கிற லீடு பார்ப்பாராம். "வேலைக்காரி தூங்குறா, வேலை இல்லாதவ வேலை பாக்குறா, நல்ல குடும்பம்டி இது" என்று அம்மா துணிகளை மடித்துக்கொண்டே சொல்கிறாள், சிரிப்பு வருகிறது, அக்கா விழித்துவிடுவாளோ என்று அடக்கிக்கொள்கிறேன்.

போன தடவை இவள் முறை வந்தபோது, தூக்கக் கலக்கத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள், ஒன்று சோதனைக்கு, இன்னொன்று நிஜம், வெளியே ஜனங்கள் உபயோகிப்பது, பார்க்க இரண்டும் ஒன்றுதான், சோதனையில் அழிக்க வேண்டியதை நிஜத்தில் அழித்துவிட்டாள், ஒரு வரி, ஒரு தட்டு, எல்லாம் போய்விட்டது. அக்கா கத்தவில்லை, அழவில்லை, சுட்டுவிட்டதுபோல் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து தூக்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளே நிஜ ஜன்னலுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லீடு சொல்லிவிட்டாராம். கண்ணைத் திறக்க முடியாதவளுக்குச் சிவப்பென்ன, கறுப்பென்ன, நேற்று மூக்குக்கண்ணாடியோடு முகம் கழுவினாள்... ஆகவே தூங்கட்டும், என்னால் முடிந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெயரைக் கூப்பிடும்போது உள்ளேன் என்ற சொல் தொண்டையில் வந்து நின்றுவிடும், பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், வரவில்லை என்று குறித்துவிடுவார்கள், பின்னால் சிரிப்புச் சத்தம், ஒரு நாள் நிஜமாகவே போகவில்லை, ஒரு வித்தியாசமும் இல்லை, அதோடு நின்றுவிட்டேன். இங்கே வாயே திறக்க வேண்டாம், விரல் அசைந்தால் போதும், அக்கா இருக்கிறாள் என்று ஊரே நம்பும்.

திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்புகிறது. லீடு. 'இருக்கீங்களா?'

கை தானாக மவுஸை விட்டுவிட்டது. என்ன செய்வது, எழுப்பவா, எழுப்பினால் இந்தக் கொஞ்ச நேரத் தூக்கமும் போய்விடும், தூக்கம் போனால் மறுபடி அந்த ஜன்னல், எழுப்பாவிட்டால் பச்சையாக இருந்துகொண்டே பதில் சொல்லவில்லை என்று ஆகிவிடும், நானே 'இருக்கேன்' என்று தட்டிவிடலாமா, இரண்டாவது கேள்வி வந்தால்... வேலை போனால் இந்த வீட்டில் வேறு யார்... அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேனோ.

"என்னடி பண்ற? மஞ்சளாயிடுச்சு பாரு."

உள்ளறையிலிருந்து அக்கா. தூக்கக் குரல் இல்லை. அறை வாசலில் போய் நிற்கிறேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், முகத்துக்கு நேரே போன், அதில் அவளுடைய பெயர், பக்கத்தில் புள்ளி, வேறொன்றும் இல்லை.

"நீ தூங்கலையாக்கா?"

"தூங்கிட்டுதான் இருந்தேன். யாராவது கேட்டாங்களா?"

"லீடு. நீ இருக்கியான்னு."

என்னை ஒதுக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து, 'இருக்கேன்' என்று தட்டுகிறாள். படுக்கையைப் பார்க்கிறேன், போர்வை பிரிக்காமலே காலடியில் கிடக்கிறது. அப்படியென்றால் நேற்றும், அதற்கு முன்னாலும், நான் அசைக்க அசைக்க இவள் அங்கே கிடந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாளா... அப்போது நான் யாருக்காக...

"அப்புறம் கொஞ்சம் படுக்கணும்டி, எங்கயும் போயிடாத" என்கிறாள், திரும்பாமலே.

சரி என்று தலையாட்டுகிறேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.