நல்ல உடம்புக்காரி லாபுபென்

ராஜ்கோட்டில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் இரத்தம் எடுப்பது என் வேலை. அந்த வருடம் டாக்டர் வைஷ்ணவ் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். வாய்ப் புற்றுநோய் வந்தவர்களின் இரத்தத்தில் சில புரதங்கள் கூடுகின்றனவா, அவற்றை வைத்து நோயைச் சீக்கிரமே பிடித்துவிடலாமா என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டியிருந்தது.

சோதனைக்கு வந்த ஹமீர்பாய் மோர்பியில் டைல்ஸ் லாரிக்குச் சுமையேற்றுபவர். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவை மெல்வது இருபது வருடப் பழக்கம். வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு. கூட வந்த மனைவி லாபுபென் முக்காட்டுக்குள் இருந்தே பொரிந்து தள்ளினாள்.

"துப்பித் துப்பியே சுவரெல்லாம் செவக்க வச்சிட்டாரு. ஊசிய நல்லா குத்துங்க அக்கா, வலிக்கட்டும்!"

"ஒப்பிட்டுப் பாக்க உங்க ரத்தமும் கொஞ்சம் குடுங்களேன். புகையிலைப் பழக்கம் உண்டா?" என்றேன்.

"எனக்கா? சேச்சே!"

"அவளுக்கு வாயாடறது ஒண்ணுதான் பழக்கம்," என்றார் ஹமீர்பாய்.

சிரித்துவிட்டேன். முக்காட்டை விலக்கக் கூச்சப்பட்டாள். முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு, 'பழக்கம் இல்லை' என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஹமீர்பாயின் அளவுகள் சாதாரணம். லாபுபென்னுடையவைதான் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன.

"குழாய் மாறிப்போச்சா?"

மாறவில்லை. இருவரையும் வரவழைத்து மறுபடி எடுத்தோம், அதே முடிவு. டாக்டர் விளக்கை வைத்து அவள் வாயை முழுக்கப் பார்த்தார். கீழ்த்தாடையில், கடைசிப் பல்லை ஒட்டி ஈறில் ஒரு சின்னப் புண்.

"எதைத் தேய்க்கிறீங்க?" என்று கேட்டார்.

லாபுபென் தரையைப் பார்த்தாள். "பஜர். பல்லுல தேய்க்கிற புகையிலைப் பொடி. கல்யாணத்துக்கு முந்தியே பழகினது. இவரு வேலைக்குப் போனப்புறம்தான்..."

ஹமீர்பாய் அவள் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார்: "இத்தனை வருஷமா என்னைத் திட்டின வாயா இது?"

"திட்டாம? நீங்களாவது பொழைச்சுக் கெடக்கட்டும்னுதான் திட்டினேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே எல்லார் முன்னாலும் அது பெரிய காரியம்.

"ரத்தம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். சதையை எடுத்துப் பாத்தாத்தான் உறுதி," என்றார் டாக்டர். இருவருக்கும் எடுத்துப் பார்த்தார்கள். ஹமீர்பாயின் திட்டு புற்று இல்லை. ஆனால் மாவாவை விட்டே ஆக வேண்டும். லாபுபென்னுடையது புற்றுதான், ஆரம்ப நிலை.

அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அன்றைக்கே அவள் வாய்க்குள் பார்த்திருக்க வேண்டும்.

வெட்டியெடுத்த சதையின் அறிக்கை வந்த காலையில் டாக்டரே வார்டுக்கு வந்தார். "ஓரமெல்லாம் சுத்தம். கழுத்துக்கும் பரவலை. கீமோ, கதிர்வீச்சு எதுவும் வேண்டாம். மாசாமாசம் வந்து காட்டினா போதும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க சாஹிப்," என்றார் ஹமீர்பாய்.

டாக்டர் சொன்னார். மூன்றாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. லாபுபென்னுக்குத் தையல் இழுத்தது, பேச முடியவில்லை. புருஷனின் சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவினாள். மாவாப் பொட்டலம் எதுவும் இல்லை. கண்ணில் நீர் வழிய, தலையை ஆட்டிக்கொண்டே படுத்தாள்.

நான் வராந்தாவுக்குப் போய் அழுது தீர்த்தேன். அன்று மதியம் மூன்று கம்பு ரோட்லா சாப்பிட்டேன்.