நாற்பது நிமிடம் தாமதமாக வரும் குரல்

நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுமியின் குரல், அவள் பேசி நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். பேசும்போது உதடுகள் ஒழுங்காக அசையும், சத்தம் மட்டும் இருக்காது. நாற்பது நிமிடம் போனதும், அவள் எந்த இடத்தில் பேசினாளோ அதே இடத்தில், அவள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்னது சொன்னபடி ஒலிக்கும். ஒரு பாடவேளையும் நாற்பது நிமிடம் என்பதால் கணக்குப் பாடத்தில் கேட்டதற்கு மொழிப் பாடத்தில் பதில் வந்தது. ஆந்தை எப்போது கண் விழிக்கும் என்று கேட்ட ஆசிரியருக்கு ஐம்பத்தாறு என்ற பதில் கிடைத்தது. முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல் அவளுடைய பதிவேட்டில் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, கேட்காததற்குச் சொல்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் ‘தபால்’ என்று பெயர் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் அந்தப் பிரிவுக்குப் புது டீச்சர் வந்தாள். அவளுக்கு அது முதல் வேலை. ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். மற்ற பிரிவுகளில் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்த பிரிவு அது, மொத்தம் முப்பத்து நான்கு பேர். பலூன் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பையன், பாடம் புரியாவிட்டால் பெஞ்சை விட்டு மெல்ல எழும்பி மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே போய் நிற்பான். பள்ளிக்கூடக் காவலாளி ஒட்டடைக் குச்சியால் அவனை இறக்கிவிடுவது வழக்கமாகியிருந்தது. கடைசி பெஞ்சில் இன்னொரு பையன் எழுதும் எழுத்துகள், நோட்டைத் தூக்கியதும் சரிந்து பக்கத்தின் அடியில் குவிந்துவிடும். அதை அவன் டீச்சர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வெறும் கறுப்புக் குவியல்தான் மிஞ்சும். மூன்று வருடமாக அதற்கு முட்டை மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தான். முதல் வாரம் முடிந்தபோது டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பயிற்சிக் கல்லூரியில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். எழும்பும் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாம் வாரம் அவள் குறிப்புகளை மூடி வைத்துவிட்டாள். நோட்டு தன்னிடம் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது அவளுக்குத் தோன்றியது. எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய், குனிந்து, நோட்டு கிடந்த இடத்திலேயே படித்தாள். கட்டுரை நன்றாகவே இருந்தது, இரண்டே பிழை. பலூனைக் கீழே இறக்க ஒட்டடைக் குச்சி வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, அவன் மேலே போகும் நேரம் பார்த்துக் கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதச் சொன்னாள். அவன் எந்த வரியில் எழும்பினானோ அந்த வரியை மறுபடி நடத்தினாள். அவன் எழும்பிய இடத்தில் வேறு பத்துப் பேருக்கும் புரியாமல்தான் இருந்தது. அவர்கள் எடை காரணமாக உட்கார்ந்தே இருந்தார்கள், அவ்வளவுதான். தபால் விஷயத்தில் மட்டும் டீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனாள்.

தபாலின் அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் ஆலையில் வேலை செய்தாள். இரண்டு அறை வீடு. மகளுடைய குரலைப் பற்றி யாராவது கவலைப்படுவார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் குறை சொல்லவில்லை, எப்படிச் சமாளிக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

“பசிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிடுவேன் டீச்சர். சமைச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடும். காலையில நான் கிளம்பும்போது ‘போயிட்டு வாங்கம்மா’ன்னு சொல்லுவா. அது வர்றதுக்குள்ள எனக்கு ஷிஃப்டு ஆரம்பிச்சுடும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வச்சு எனக்குச் சொல்லுவாங்க.” பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, “ஸ்கூல்ல சேர்க்கிறதுக்கு முன்னாடியெல்லாம் அஞ்சு நிமிஷத்துலயே வந்துடும்” என்றாள்.

டீச்சர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டாள், கடைசி வாக்கியத்தைக் கவனிக்காமல் விட்டாள். அது பின்னால் அவளைப் படுத்தி எடுத்தது. மறுநாள் முதல் தபாலுக்கான கேள்விகளைப் பாடம் தொடங்கும்போதே கேட்டாள். பாடம் முடியும் நேரத்தில் எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். ஐம்பத்தாறு என்ற பதில், அதற்கான கணக்கைக் கேட்ட பாடவேளையிலேயே வந்து சேர்ந்தது. மூன்று வருடமாகத் தபால் சொன்ன பதில்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கின்றன என்பது தெரிந்தபோது டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தப்பு அவளுடையது இல்லை, ஆனாலும் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் பள்ளி ஆய்வாளர் வரும் தேதியை அறிவித்தார்கள். நான்காம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் முத்திரையிட்ட உறையிலிருந்து எடுத்த ஒரு தாளை அவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் தொடங்காத பிள்ளையை ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த தனிப்பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயே தங்க வேண்டும். பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். தபாலை அங்கே அனுப்பும் கடிதத்தைத் தலைமையாசிரியை தட்டச்சு செய்தே வைத்துவிட்டாள், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கெட்ட மனசுக்காரி இல்லை, வேலை தேங்குவது பிடிக்காதவள். டீச்சர் கடையில் ஒரு நிறுத்துக் கடிகாரம் வாங்கிவந்து, தினமும் இடைவேளையில் தபாலை நிற்க வைத்து, சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்று பயிற்சி கொடுத்தாள். நாற்பது நிமிடம் நாற்பத்து நான்கானது. அடுத்த வாரம் ஐம்பது. அதற்கடுத்த வாரம் ஐம்பத்தைந்து ஆன அன்றுதான் அந்த அம்மா சொன்ன கடைசி வாக்கியம் அவள் காதில் முழுதாக விழுந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் சீக்கிரம் சொல்லு என்று அதட்டிய ஒவ்வொருவரும் ஆளுக்குச் சில நிமிடங்களைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையில் இப்போது தானும் சேர்ந்துவிட்டதை நினைத்து அவள் உடைந்துபோனாள். கடிகாரத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். தபாலிடம் போய், என் தப்புதான், மன்னிச்சுக்கோ என்றாள். தபால் என்னவோ சொன்னாள். அது வரும்வரை டீச்சர் அங்கேயே நின்றாள். “பரவாயில்ல டீச்சர்” என்று வந்தது.

ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார். தபாலின் அம்மா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வெளியே வாசலில் நின்றிருந்தாள். பத்து ஐந்துக்குத் தபாலின் முறை. எழுந்து நின்று, பக்கத்தை விரல் வைத்து வாசித்தாள், திருப்பினாள், மறுபக்கத்தையும் வாசித்தாள். ஒரு சத்தமும் இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா, பேசவே வராதா என்று ஆய்வாளர் கேட்டார். அதற்கும் அவள் உதடுகள் அசைந்தன. டீச்சர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். எல்லாப் பள்ளியிலும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் படிவத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். மற்றவர்களை ஆளுக்கு இரண்டு வரியோடு நிறுத்திக் கேட்டு முடித்துவிட்டுப் பக்கத்துப் பிரிவுக்குப் போனார். போகும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து மையில் எழுதுவது அவர் வழக்கம்.

இரண்டாம் பிரிவில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று பேரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். பலூன் மேலே விசிறிக்குக் கீழ் நின்று மூச்சை அடக்கிக்கொண்டான். பக்கத்து அறையில் காது கிழியும் சத்தத்துக்கு நடுவே வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளருக்குச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாக உறுத்தத் தொடங்கியது. இருபத்தாறு வருட வேலையில் பிரம்பு இல்லாமல் அப்படி ஒரு அமைதியை அவர் கண்டதில்லை. பத்து ஐம்பதுக்கு எழுந்துவந்து கதவருகே நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டார். கடைசி பெஞ்சுப் பையன்தான் பதில் சொன்னான்.

“அவ வாசிச்சது இன்னும் வரல சார். காத்துட்டிருக்கோம்.”

ஆய்வாளர் பிள்ளைகளைப் பார்த்தார். மேலே நின்ற பலூனையும் பார்த்தார், அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிறகு, ஏன் என்று அவருக்கே தெரியாமல், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். பத்து ஐம்பத்தேழுக்குத் தபாலின் குரல் வந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரு பிழையில்லாமல் வாசித்தது. நடுவில் பக்கம் திருப்ப எடுத்துக்கொண்ட இடைவெளிகூட அப்படியே இருந்தது. முடிந்ததும் சற்று நேரம் ஒன்றுமில்லை. ஆய்வாளர் எழப்போனார். அப்போது அவர் கேட்டிருந்த கேள்விக்கான பதிலும் வந்தது.

“வாசிச்சிட்டேன் சார். கொஞ்சம் இருங்க, வரும்.”

அவர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து அழிப்பானை எடுத்துப் பென்சில் கோட்டை அழித்தார். படிவத்தில் நிமிடம் எழுத ஒரே ஒரு கட்டம்தான் அச்சிட்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டுக்கு அது போதாது. பக்கத்திலேயே பேனாவால் இன்னொரு கட்டம் வரைந்து ஐந்தை ஒன்றிலும் இரண்டை மற்றொன்றிலும் எழுதி, பிழை இல்லை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். தலைமையாசிரியை அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தை அடுத்த மாதச் சுண்ணாம்புக்கட்டிக் கணக்கு எழுதப் பயன்படுத்திக்கொண்டாள்.

அடுத்த வருடம் முதல் படிவங்கள் இரண்டு கட்டங்களோடு அச்சாகி வருகின்றன. யார் கேட்டு மாற்றினார்கள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பலூன் இப்போது தெருவிளக்கு பழுது பார்க்கிறான், ஏணி எடுத்துப் போவதில்லை. தபாலுக்கு முப்பது வயதாகிறது. குரல் நான்கு நிமிடம் தாமதமாக வருகிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை, இறங்க வேண்டுமென்று யாரும் கேட்கவுமில்லை. அவளோடு சண்டைக்குப் போகிறவர்கள் பதில் வருவதற்குள் சமாதானமாகிவிடுகிறார்கள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஆய்வாளர் வந்த அந்தப் பள்ளி வருடத்தின் கடைசி நாளில் தபால் ஐந்தாம் வகுப்புக்குப் போனதும், டீச்சர் நிரந்தரமானதும் ஒரே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தன. சாயங்காலம் பள்ளி வாசலில் டீச்சர் கையில் பையோடு நின்றபோது, தபால் அவள் முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்து என்னவோ சொன்னாள். முகம் அவசரமாக இருந்தது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய்விட்டாள். அப்போது தாமதம் பதினோரு நிமிடமாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் சேர்ந்திருந்துவிட்டுப் பிரியும் பிள்ளை என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்காமல் போக டீச்சருக்கு மனம் வரவில்லை. டீச்சரின் பஸ் வந்து நின்றது. நடத்துனர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை, பஸ் போய்விட்டது. பதினோராவது நிமிடத்தில், வேறு யாருமில்லாத வாசலில், தெளிவாக வந்தது.

“டீச்சர், உங்க பஸ் வருது, ஓடுங்க.”

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் காத்திருந்தாள்.