குளிர் பழகிய பிள்ளைகள்

மணலில் இழுத்து ஏற்றியிருந்த சிங்கராசாவின் வள்ளம் ஒரு கிழமையாக மலைநாட்டுப் பண்டாரவளைக்குப் போய்க்கொண்டே இருந்தது. முன் அணியத்தில் அவனுடைய மகன் ஏழு வயதுச் சவேரி குந்தியிருந்து ஓட்டுவான். அவனுக்குப் பின்னால் நாலு வயதுப் பிலோமி, கைக்குழந்தைத் தம்பி நாயகத்தை மடியில் வைத்துக்கொண்டு மணி அடிப்பாள். மணி என்றால் வேறொன்றுமில்லை, சிரட்டையில் ஒரு தட்டு.

“மதவாச்சி! இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ!” என்று சவேரி கத்துவான்.

மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை என்று கண்டி வரைக்கும் அவனுக்கு மனப்பாடம். கண்டிக்கு அங்கால் ஒன்றும் தெரியாது. அதற்கென்ன, பெயருக்கா பஞ்சம்? முகிலடி, பனித்தோப்பு, வெள்ளைக்குதிரைச் சந்தி என்று வாயில் வந்த ஊர்களையெல்லாம் தாண்டி வள்ளம் மலை ஏறும். ஏறி முடிந்ததும் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு குளிரில் நடுங்குவார்கள். பேசாலைக் கடற்கரை வெயில் அவர்களுடைய முதுகை வறுத்துக்கொண்டிருக்கும்.

குசினி வாசலில் இருந்து தைத்துக்கொண்டிருந்த தாய் மதலேனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை தைக்கிறாள். என்னவோ குளிர்ச்சட்டையை வாழ்நாளில் கண்டவள்போலத்தான் தைக்கிறாள்! கன்னியாஸ்திரி மடத்தில் கொடுத்த பழைய கம்பளி ஒன்றை வெட்டி, கை எவ்வளவு நீளம் வேண்டும், கழுத்தை மூடவேண்டுமா என்று தெரியாமல், எல்லாவற்றையும் ஒரு சாண் கூட்டியே வெட்டியிருந்தாள். குளிர் என்பது எந்தப் பக்கத்தால் வருமென்று யாருக்குத் தெரியும்?

மலைநாட்டுப் பயணம் ஈஸ்டரிலேயே முடிவானது. பண்டாரவளையில் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருக்கிற லோறன்ஸும், அவருடைய மனைவி பெற்றிசியாவும் அப்போது பேசாலைக்கு வந்திருந்தார்கள். பெற்றிசியா மதலேனாவின் அக்கா. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா திடீரென்று கையை நிறுத்திவிட்டு, “பிலோமியை எனக்குத் தருவியோ?” என்று கேட்டாள்.

அந்தக் குடும்பங்களில் அது புதிதல்ல. பிள்ளையில்லாதவளுக்கு உடன்பிறந்தவள் ஒரு பிள்ளையைக் கொடுப்பாள். அதிலும் பெற்றிசியா பிலோமிக்கு ஞானத்தாய். கோவிலில் ஞானஸ்நானத் தொட்டியடியில் பிள்ளையை ஏந்தி நின்றவளுக்குப் பிள்ளைமேல் ஒரு பாத்தியதை உண்டென்று ஊரே சொல்லும். ஆனால் மதலேனா “ஓம்” என்றது ஊருக்காக இல்லை. தாய் காய்ச்சலில் போனபோது மதலேனா பால்குடி மறக்காத பிள்ளை. பெற்றிசியாதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவளைத் தூக்கி வளர்த்தாள். வந்த சம்பந்தங்களையெல்லாம் “தங்கச்சி வளரட்டும், தங்கச்சி வளரட்டும்” என்று திருப்பி அனுப்பினாள். தங்கச்சி வளர்ந்து, கரைசேர்ந்த பிறகுதான் அக்கா மாலை போட்டாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது, வயிறு திறக்கவில்லை. அக்காவின் வெறும் தொட்டிலுக்குத் தானே காரணமென்று மதலேனாவுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு எப்படி இல்லை என்பது?

ஆக, போகும்போது பிள்ளைகள் மூன்று. திரும்பும்போது இரண்டு. இது தகப்பனுக்கும் தாய்க்கும் மட்டும் தெரியும். பிள்ளைகளுக்கு அது பெரியம்மா வீட்டுக்குப் போகிற பயணம், அவ்வளவுதான்.

மத்தியானத்தில் சோளகக் காற்று ஓலைவேலியில் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ஊசி தானாகப் போய்க்கொண்டிருக்க, மதலேனாவின் கண் விழித்தபடியே உறங்கிவிடும். அக்கா சொல்லிச் சொல்லிப் பண்டாரவளை வீடு அவளுக்குக் கைத்தலம்போலப் பாடம். கண்ணாடி யன்னல்கள். முற்றத்தில் நீலப்பூ. காலையில் கதவைத் திறந்தால் முகில் கன்றுக்குட்டி மாதிரி உள்ளே நுழைந்து அலுமாரியை மோந்துவிட்டுப் போகுமாம். குழாயைத் திருகினால் தண்ணீர். இங்கே ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கிறது! அந்த வீட்டுக்கு முன்னால் செம்மண் பாதையில் பிலோமி சிவப்புச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாகப் பள்ளிக்கூடம் போகிறாள். கன்னம் கொழுகொழுவென்று இருக்கிறது. மதலேனாவுக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. “பிலோமி!” என்று கூப்பிடுகிறாள். பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, வடிவாக, மரியாதையாகச் சொல்கிறாள்:

“வாங்கோ சின்னம்மா.”

ஊசி விரலில் ஏறிவிட்டது. “சேசுவே!” என்று மதலேனா விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வள்ளத்தில் சவேரி வெள்ளைக்குதிரைச் சந்தியைக் கடந்துகொண்டிருந்தான்.

பயணம் கிட்டக் கிட்டப் பிள்ளைகளின் ஆயத்தமும் கூடியது. குளிர் பழகவேண்டுமென்று சவேரி சொல்லிவிட்டான். பழகாமல் போனால் பல்லுக் கொட்டுண்டுபோகுமாம். பின்னேரங்களில் கிணற்றடியில் இரண்டு பேரும் தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, துடைக்காமல் ஓடிப்போய்க் காற்றுக்கு எதிரே மணல்திட்டியில் நிற்பார்கள். சின்னவன் நாயகத்தையும் பிலோமி இடுப்பில் வைத்து நனைத்துக்கொண்டு நிற்பாள்.

“வாயால புகை வருதோ பார்,” என்பான் சவேரி.

பிலோமி வாயை ஆவென்று திறந்து ஊதுவாள். “வருது! எனக்கு வருது!”

“பொய் சொல்லாதை.”

“உனக்குக் கண் தெரியேல்லை,” என்பாள் அவள். நாலு வயதுதான், வாய் மட்டும் நாப்பது.

மதலேனா துவாயோடு ஓடுவாள். “கெடுவாங்கள்! அங்க போறதுக்கு முதல் இஞ்சயே காய்ச்சல் எடுக்கப் போறியளோ?” என்று மூன்று தலையையும் துவட்டுவாள். பிலோமியின் தலையைத் துவட்டுகிறபோது மட்டும் கை லேசில் நிற்காது. காய்ந்த தலையையும் துவட்டிக்கொண்டே இருப்பாள். “காணும் அம்மா, நோகுது,” என்று பிள்ளையே நழுவி ஓடும்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் றங்குப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உடுப்பு அடுக்க உட்கார்ந்தாள். சவேரியின் உடுப்பு அடுக்கியாயிற்று. நாயகத்தின் துணிகள் அடுக்கியாயிற்று. பிலோமியின் சட்டைகளில்தான் சிக்கல். “ஒண்டும் கொண்டு வராதை, எல்லாம் நான் தைச்சு வைச்சிருக்கிறன்,” என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்படியானால் வழிக்கு ஒரு சட்டை போதும். மதலேனா ஒன்றை வைத்தாள். மிச்சத்தைப் பார்த்தாள். இவற்றை இங்கே விட்டுவிட்டுப் போனால், திரும்பிவந்து கதவைத் திறக்கிறபோது கொடியில் தொங்குமே என்று நினைத்தாள். எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்தாள். வைத்தால் அங்கேயே போய்விடுமே. எடுத்தாள். திரும்பவும் வைத்தாள்.

சிங்கராசா கருவாட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், அவளைக் கண்டதும் வாசலில் நின்றான்.

“இன்னும் முடியேல்லையே?”

“உங்கட மகளின்ர சட்டையள்… எத்தினை வைக்கிறதெண்டு தெரியேல்லை.”

அவன் சாக்கை இறக்கிவைத்துவிட்டு அவளருகில் நிலத்தில் இருந்தான். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத மனிதன். பெட்டிக்குள் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

“நான் ஓம் எண்டது, நீ ஓம் எண்டபடியால்தான்,” என்றான்.

“நான் ஓம் எண்டது, நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருந்தபடியால்.”

“உன்ர அக்கா. உன்னை வளர்த்தவ. நான் என்னத்தைச் சொல்லுறது?”

“அதுதான் எனக்கும். நான் என்னத்தைச் சொல்லுறது?”

பார்த்தீர்களா கூத்தை! ஆளுக்காள் மற்றவரின் வாயைப் பார்த்துக்கொண்டு, வேண்டாத ஒன்றுக்கு இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். அவனுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க எழுந்து போய்த் தண்ணீர்ப் பீப்பாவைக் கழுவத் தொடங்கினான்.

“குடுத்த வாக்கு குடுத்ததுதான்,” என்று பீப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னான். மதலேனா பெட்டியை மூடினாள். உள்ளே எத்தனை சட்டை இருந்ததென்று அவளுக்கே தெரியாது.

விடிகாலையில், வாடகைக்குப் பேசியிருந்த எருக்கலம்பிட்டி மஹ்மூது தன் வான் வண்டியோடு வந்துவிட்டார். தீவு முழுக்க அவரை, அண்ணன் என்பதுபோல, நானா என்றுதான் கூப்பிடும். வானுக்கு நீலப் பூச்சு, உள்ளே இருக்க நீட்டு வாங்கு, இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற கண்ணாடி யன்னல். கடலின் மேல் வெளிச்சம் பால் மாதிரி பரவிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கை நீளம் முழங்காலைத் தொட, வேர்க்க விறுவிறுக்க வரிசையாக நின்றார்கள்.

சிங்கராசாவுக்கு வான் என்றாலும் வள்ளம் என்றாலும் ஒன்றுதான். ஆழ்கடலுக்குப் போகிறவன் கரை கைவிட்டுவிடும் என்ற எண்ணத்தோடே சாமான் ஏற்றுவான். முதலில் தண்ணீர்ப் பீப்பா. அதன்மேல் கருவாட்டுச் சாக்கு, விறகுக்கட்டு, அரிசி, சட்டிபானை, ஒரு பந்து கயிறு. பாரம் உருளக்கூடாதென்று எல்லாவற்றையும் ஒரு பக்கமாக வாங்கோடு சேர்த்து அணைத்து, அசையாமல் வரிந்து கட்டினான்.

“சிங்கராசா, நாங்கள் கடலுக்கே போறம்?” என்று மஹ்மூது தலையில் கைவைத்தார். “வழியெல்லாம் கடை கிடக்கு, கிணறு கிடக்கு. இந்தக் கயிறு என்னத்துக்கு?”

“காத்து மாறினால்?” என்றான் சிங்கராசா.

மஹ்மூது அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் இயந்திரத்தைத் திறந்தார். இவனோடு கதைத்துப் பயனில்லை.

சாமான் ஏற்றி முடிந்தபோதுதான் விசயம் தெரிந்தது. ஒரு பக்கத்து யன்னலைப் பீப்பாவும் சாக்கும் முழுதாக அடைத்துவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு யன்னல். சவேரி பாய்ந்து ஏறி அதன் பக்கத்தில் இருந்துவிட்டான். பிலோமியும் ஏறி அவனை இடித்தாள். வள்ளத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் கடல் தெரியும். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் தெரியுமென்பது அவர்களுக்கு முதல்தரம்.

“நான்தான் இருப்பன்!”

“நான் மூத்தவன்!”

“நான் உனக்கு மணி அடிச்சனான்!”

அழுகை வெடித்தது. வெளியே நின்ற மஹ்மூது தலையை உள்ளே விட்டு, “சரி சரி, சண்டை பிடியாதேங்கோ. போகேக்க ஒராள், வரேக்க மற்ற ஆள். முடிஞ்சுது!” என்று தீர்ப்புச் சொன்னார். பாவம், வரும்போது யார் வரமாட்டார்களென்று அந்த மனிதனுக்குத் தெரியாது.

“நான் போகேக்க,” என்றான் சவேரி உடனே.

பிலோமி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “அப்ப நான் வரேக்க,” என்றாள்.

நாயகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்த மதலேனா அப்படியே நின்றுவிட்டாள். கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த சிங்கராசாவின் கையும் நின்றது.

“சவேரி, இஞ்சால வா,” என்றான் அவன் அவசரமாக. “இப்ப பிலோமி இருக்கட்டும். நீ வரேக்க இரு.”

“மஹ்மூது நானா சொன்னபடி போகேக்க எனக்குத்தானே…”

“சொன்னால் கேள்!” பிள்ளைகளை ஒருநாளும் அதட்டாத மனிதன் கத்திவிட்டான். சவேரியின் உதடு கோணிக்கொண்டது.

பிலோமி தகப்பனையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தாள். “வேண்டாம் அப்பா,” என்றாள். “அவன் இருக்கட்டும். நான் வரேக்க இருக்கிறன். வரேக்கதானே கடல் வரும்.”

அக்காவின் முகம் மதலேனாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாசலில் வந்து நின்று, வீதியைப் பார்த்துக்கொண்டு, தைத்துவைத்த சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற முகம். அந்த முகத்துக்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வாய் திறந்தது.

“வரேக்க யன்னல் பிலோமிக்குத்தான்,” என்றாள். “நான் சொல்லுறன். ஒருத்தரும் மாத்தக்கூடாது.”

சிங்கராசா கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான். “மதலேனா…”

“அக்காவுக்கு நான் சொல்லுவன். நீங்கள் வாய் திறக்கவேண்டாம். காலில விழுந்தெண்டாலும் சொல்லுவன். அடிச்சாலும் என்னைத்தானே அடிப்பா, அவ அடிச்சு வளர்த்த பிள்ளைதானே நான்.” சொல்லச் சொல்லக் கண்ணீர் கொட்டியது. “அவ என்னை மன்னிக்கமாட்டா. தெரியும். இனி ஈஸ்டருக்கும் வரமாட்டா. அதுவும் தெரியும்.”

“போகாமல் விடுவமோ?” என்று அவன் மெல்லக் கேட்டான்.

“இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேணும். பிள்ளையள் குளிர் எல்லாம் பழகியிருக்குதுகள்.”

சிங்கராசா நாயகத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவள் ஏறும்வரை முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தானும் ஏறி, விறகுக்கட்டுக்கும் சாக்குக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு இருந்தான். மஹ்மூது “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி வானை எடுத்தார். மணல் புழுதிக்கு மேலால் பனைகள் பின்னால் போகத் தொடங்கின. சவேரி கண்ணாடியில் மூக்கை அமர்த்திக்கொண்டான்.

பிலோமி தாயின் மடியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். விடிகாலையில் எழுந்த பிள்ளை, கண் செருகியது. செருகிய கண்ணை இழுத்துத் திறந்துகொண்டு கேட்டாள்:

“அம்மா, வரேக்க நான் நித்திரையாப் போனால் எழுப்புவீங்களோ?”

“எழுப்புவன்,” என்றாள் மதலேனா.